ஃபால்கனா, கார்வேரா, வேலியன்ட்டா?

அறுபதுகளின் அமெரிக்க காம்பாக்ட் கார்களை வைத்திருந்த இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு சீக்கிரமே இந்த வழக்கில் வந்து நிற்கும். ஃபோர்டு ஃபால்கனா, செவ்ரோலே கார்வேரா, பிளிமத் வேலியன்ட்டா? மூன்றும் ஒரே மாதத்தில் வெளிவந்தவை. 1959 அக்டோபர் 2இல் கார்வேர், 8இல் ஃபால்கன், 29இல் வேலியன்ட். சிறிய அமெரிக்கக் கம்பெனிகளின் ராம்ப்ளர், லார்க் என்ற சின்ன கார்களும், ஜெர்மனியிலிருந்து வந்த ஃபோக்ஸ்வாகனும் நன்றாக விற்பதைப் பார்த்த பிறகுதான் டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கம்பெனிகளும் இதில் இறங்கின. சின்ன கார் என்பது அமெரிக்கக் கணக்கில்தான். மூன்றும் சுமார் 15 அடி நீளம், மூன்றிலும் ஆறு சிலிண்டர் எஞ்சின்.

ஃபால்கனை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் புரியாதது எதுவுமே இல்லை. 2.4 லிட்டர், 90 குதிரைத்திறன், பின்னால் லீஃப் ஸ்பிரிங். பானட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றி கை தாராளமாக நுழையும். முதல் வருடமே நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. மற்ற இரண்டும் பக்கத்தில்கூட வரவில்லை. ஃபால்கன்காரர்களைப் பேசவிட்டால் கார் பின்னால் போய்விடும், அப்பா முன்னால் வந்து நிற்பார். ஸ்டீயரிங் தண்டில் இருந்த மூன்று கியரை அவர் சொல்லிக்கொடுத்தது, நீள சீட்டில் குழந்தைகள் நெருக்கிக்கொண்டு போனது, மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் மழையில் வைப்பர் சோர்ந்து நின்றது. அந்த வைப்பர் எஞ்சினின் வேக்குவத்தில், அதாவது உறிஞ்சு விசையில் ஓடியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்த விசை குறையும், அதனால்தான் அப்படி. 1964இல் வந்த ஃபோர்டு மஸ்டாங் இதே ஃபால்கனின் அடித்தளத்தில்தான் உருவானது. அந்தப் புண்ணியத்தில் ஃபால்கனுக்குப் பல உதிரிபாகங்கள் இன்றும் சுலபமாகக் கிடைக்கின்றன.

கார்வேர்காரரிடம் போனால் கதையே வேறு. அவருக்குக் கார்தான் கதை. எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால், ரேடியேட்டர் கிடையாது. அலுமினியத்தில் வார்த்த, காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின். சிலிண்டர்கள் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். முன்பக்கம் லேசாக இருப்பதால் ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்பும். எஞ்சினின் எடை முழுக்கப் பின்சக்கரங்கள் மேல் இருப்பதால், மற்ற கார்கள் வழுக்கி நிற்கும் பனிமேட்டில் இது ஏறிப் போய்விடும்.

அப்புறம் ஃபேன் பெல்ட். எஞ்சினின் பின்புறத்தில் செங்குத்தாகச் சுழலும் புல்லியில் தொடங்கி, மேலே வந்து, இரண்டு புல்லிகள் மேல் 90 டிகிரி மடங்கி, எஞ்சின் தலையில் படுத்திருக்கும் ஃபேனைச் சுற்றும். அந்த பெல்ட் அறுந்தால் எஞ்சினுக்குக் காற்று இல்லை. உடனே ஓரம் கட்ட வேண்டும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் டிக்கியில் ஒரு பெல்ட்டும் ஸ்பேனரும் இல்லாமல் ஊர் தாண்டமாட்டார்கள். இருட்டில், சாலையோரத்தில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பெல்ட் மாற்றிய கதையைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். குறையைச் சொல்கிற முகம் அல்ல அது.

ரால்ஃப் நேடர் என்ற அமெரிக்க வழக்கறிஞர் கார் பாதுகாப்பு பற்றி 1965இல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே கார்வேர் மீதான குற்றச்சாட்டு. அதில் நியாயம் இருந்தது. 1960 முதல் 1963 வரையான மாடல்களின் பின் ஆக்சில் வேகமான வளைவில் ஆபத்தாக நடந்துகொள்ளலாம். முன் டயரில் 15 பவுண்டு, பின் டயரில் 26 பவுண்டு காற்று என்று கம்பெனி சொல்லியிருந்தது. நான்கிலும் ஒரே அளவு அடித்துவிட்டால் வண்டியின் குணமே மாறிவிடும். ஆனால் 1965 மாடலிலேயே பின் சஸ்பென்ஷனை முழுக்க மாற்றிவிட்டார்கள். 1972இல் வந்த அரசு அறிக்கை, பழைய மாடலும் அந்தக் காலத்து மற்ற கார்களைவிட மோசமில்லை என்றது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1969 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோனது. கார்வேர்காரர்கள் இன்றும் அதற்காக இப்படி வாதாடுவது எனக்குப் பிடிக்கும்.

ஆனாலும் என் ஓட்டு வேலியன்ட்டுக்குத்தான். மிஷிகனில் 1964 மாடல் ஒன்றைப் பல வருடம் வைத்திருந்தேன் என்பதால் இதை நடுநிலைத் தீர்ப்பு என்று சொல்லமாட்டேன். இதன் எஞ்சினை 30 டிகிரி சாய்த்து உட்கார வைத்திருப்பார்கள். அதனால் பானட் தாழ்ந்தது. பக்கவாட்டில் கிடைத்த இடத்தில், எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் நீளமான இன்டேக் குழாய்கள் வைக்க முடிந்தது. 1960 ஜனவரியில் டேடோனாவில் நடந்த காம்பாக்ட் கார் பந்தயத்தில் முதல் ஏழு இடங்களும் வேலியன்ட்டுக்கே. பேட்டரியைச் சார்ஜ் செய்ய டைனமோவே வழக்கமாக இருந்த காலத்தில் ஆல்டர்னேட்டரோடு வந்ததும் இந்த கார்தான். ஆட்டோமேட்டிக் வாங்கியவர்களுக்கு கியர் லீவரே கிடையாது. ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் டேஷ்போர்டில் பட்டன்கள்தான். 1964தான் அந்தப் பட்டன்களின் கடைசி வருடம்.

வேலியன்ட் நினைவு எனக்கு சத்தமாகத்தான் வருகிறது. இந்த எஞ்சினுக்கு டேப்பட்டை, அதாவது வால்வு இடைவெளியை, எஞ்சின் சூடாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே சரிசெய்து வைப்பார்கள். இன்டேக் வால்வுக்கு 10 தௌ, எக்ஸாஸ்ட் வால்வுக்கு 20 தௌ. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை இடுக்கில் விட்டால் விரலுக்குக் கீழே வால்வைத் தள்ளும் ராக்கர் துடிக்கும், எண்ணெய் சட்டையில் தெறிக்கும். ராக்கரின் ஸ்குரூவை லேசாகத் திருப்பியதும் டிக் டிக் சத்தம் ஒரு படி இறங்கும். பன்னிரண்டு வால்வும் முடிந்து மூடியைப் போட்டால் தையல் மெஷின்போல ஓடும். மற்ற இரண்டு கார்களும் இந்த சுகத்தைத் தரவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: சிரமமில்லாமல் ஓட்டினால் போதும் என்றால் ஃபால்கன். பக்கத்தில் அந்த எஞ்சின் தெரிந்த ஆள் இருந்தால் 1965 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் கார்வேர். மூன்றில் அழகும் அதுதான். வேலியன்ட் என்றால் இடப்பக்க சக்கரங்களின் நட்டுகளுக்கு இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும், மறந்துவிட வேண்டாம். தெரியாமல் ஸ்பேனர் மேல் ஏறி நின்றால் நட்டு மாட்டும் ஸ்டட் முறிந்து கையோடு வரும். விலை பேசுவதற்கு முன் கீழே படுத்து, முன் சஸ்பென்ஷனுக்கு ஸ்பிரிங்காக இருக்கும் டார்ஷன் பார் பொருந்தும் குறுக்குச் சட்டத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அது கெட்டியாக இருந்தால் மற்றதெல்லாம் செய்துகொள்ளலாம். அப்புறம் உள்ளே உட்கார்ந்து ஒரு முறை செல்ஃப் எடுங்கள். 1962 முதல் வந்த கியர் வைத்த ஸ்டார்ட்டர் அது, வேறு கம்பெனிக் கார் எதுவும் அப்படிக் கனைக்காது.