தாய்லாந்தில் தங்க டிடிவியா, ரிட்டயர்மென்ட் விசாவா?

ஐம்பது வயது தாண்டி தாய்லாந்தில் வருஷக்கணக்கில் தங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விசாக்கள்தான் உண்மையான போட்டி. ஒன்று, நான்-ஓ எனப்படும் பழைய ரிட்டயர்மென்ட் விசா. மற்றது 2024 ஜூலையில் வந்த டிடிவி, அதாவது டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா. நானும் மனைவியும் சியாங் மாயில் இருப்பது முதல் வகையில். ஆகவே என் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

மற்றவற்றை ஒரு வரியில் முடித்துவிடலாம். காசு கட்டி உறுப்பினராகித் தங்கும் பிரிவிலேஜ் கோல்ட் அட்டை 5 வருஷத்துக்கு 9 லட்சம் பாட்; கட்டினால் கட்டியதுதான். எல்டிஆர் எனப்படும் நீண்டகால வசிப்பு விசாவுக்கு, தனியாக முதலீடு செய்யாத ஓய்வுக்காரர் என்றால், வருஷ வருமானம் 80,000 டாலர் வேண்டும். அவ்வளவு பென்ஷன் வாங்குபவருக்கு என் ஆலோசனை எதற்கு?

டிடிவியின் கவர்ச்சி நியாயமானதே. கட்டணம் 10,000 பாட், 5 வருஷம் செல்லும், 20 வயதானாலே போதும். 5 லட்சம் பாட் கையிருப்பைக் காட்டினால் சரி, அது ஊர் வங்கியிலேயே கிடக்கலாம். ஆனால் வெளிநாட்டு வேலையை இங்கிருந்து செய்பவர்கள், முய் தாய் குத்துச்சண்டை, தாய்லாந்துச் சமையல் கற்க வருபவர்கள் போன்றோருக்குத்தான் கொடுப்பார்கள். அதிலும் ஒருமுறை நுழைந்தால் 180 நாள்தான். அதற்குமேல் நீட்டிப்பு கேட்கலாம். பெரும்பாலும் எல்லையைத் தாண்டிவிட்டு வருவதே வழக்கம் என்கிறார் டிடிவியில் இருக்கும் பக்கத்து வீட்டு இளைஞர். நான் அனுபவித்துப் பார்த்ததில்லை. முழங்கால் வலியோடு இருக்கும் என் மனைவியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை லாவோஸின் வியன்டியானுக்கு அழைத்துப் போக எனக்குத் துணிவில்லை, அவ்வளவுதான்.

ரிட்டயர்மென்ட் விசாவில் வருஷ நீட்டிப்புக் கட்டணம் வெறும் 1,900 பாட். அதைப் பார்த்து மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். இதன் உண்மையான விலை தாய்லாந்து வங்கியில் உறங்கும் 8 லட்சம் பாட். விண்ணப்பிக்க 2 மாதம் முன்பே அது கணக்கில் இருக்கவேண்டும். நீட்டிப்பு கிடைத்தபின் 3 மாதம் ஒரு பாட்கூட குறையக்கூடாது. அதன்பிறகு பாதி வரை எடுக்கலாம், ஆனால் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. எடுத்ததை அடுத்த விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்பே திரும்பப் போடவேண்டும். ஆக வருஷத்தில் 5 மாதம் முழுத் தொகையும் தொட முடியாத பணம். நான் எடுத்துப் போடும் விளையாட்டுக்கே போவதில்லை. வீட்டுச் செலவுக்கு வேறு கணக்கு, விசாப் பணத்துக்கு வேறு கணக்கு. நீட்டிப்பு நாள் காலையில் 100 பாட் போட்டு, பாஸ்புக்கில் அன்றைய தேதி விழுந்தபின்தான் இமிக்ரேஷன் வாசலில் போய் நிற்பேன்.

இந்தியாவிலிருந்து அனுப்புபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அது திரும்பக் கிடைக்கும் என்றாலும் அதுவரை கை காயும். மார்ச்சுக்கு முன் பாதி, ஏப்ரலில் மீதி என்று நான் பிரித்து அனுப்பினேன்.

90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிப்பது பலருக்கு எரிச்சல்; எனக்கு அது அரைநாள் வேலை. கவனிக்கவேண்டியது ரீ-என்ட்ரி பர்மிட், அதாவது வெளியே போய்த் திரும்பி வருவதற்கான அனுமதி. ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. அது இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினால் நீட்டிப்பு போய்விடும். மார்ச் புகைக் காலத்தில் இங்கே மூச்சுவிட முடியாமல் கோயம்புத்தூர் ஓடும் எங்களைப் போன்றவர்களுக்கு அது மருந்துச் சீட்டு மாதிரி, மறக்கவே கூடாது. எப்படியும் வருஷத்தில் இரண்டு மூன்று முறை ஊருக்குப் போகிறவர் என்றால், ஒப்புக்கொள்கிறேன், டிடிவி உங்களுக்கு லாபம். 8 லட்சத்தைக் கொண்டுவந்து பூட்டிவைக்கத் தேவையில்லை.

வரி விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒரு காலண்டர் வருஷத்தில் 180 நாள் இருந்துவிட்டால் எந்த விசாவானாலும் வரிக் கணக்கில் நீங்கள் இங்கே வசிப்பவர்.

எங்கள் ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. மனைவி இருப்பது என்னைச் சார்ந்தவர் என்ற முறையில், என் நீட்டிப்போடு ஒட்டிக்கொண்டு. எனக்கு ஏதாவது ஆனால் அவள் விசாவும் ஆட்டம் காணும், என் பெயரில் உள்ள பணமும் நீதிமன்ற உத்தரவு வரும்வரை முடங்கும். அதனால் தாய்லாந்தில் செல்லும்படி ஓர் உயில் எழுதி பாஸ்புக்கோடு வைத்திருக்கிறேன். அவள் பெயரில் தனியாக ஒரு 8 லட்சமும் சேர்த்து வருகிறோம். இப்போதைக்கு மூன்றரை ஆகியிருக்கிறது.