பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் சரவுண்ட்: எது சரிவரும்?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டின் பின்னறை பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம். சீமெந்துத் தரை, பழைய சுண்ணாம்புச் சுவர், மேலே ஓடு. இடப்பக்கம் யன்னல், வலப்பக்கம் கதவு. இதற்குள் படம் பார்க்க, சுற்றிலுமிருந்து ஒலி வரும் ஒரு சரவுண்ட் செட் வைக்கலாம் என்று இறங்கினால் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: சவுண்ட்பார் (ரீவிக்குக் கீழே வைக்கும் ஒற்றை நீளப் பெட்டி), 5.1 (முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கத்திலோ பின்னாலோ இரண்டு, கீழ்ச்சுரத்துக்கு ஒரு சப்வூஃபர்), 7.1 (அதோடு இன்னும் இரண்டு ஸ்பீக்கர்).

சவுண்ட்பாரைச் சுருக்கமாக முடித்துவிடலாம். டொல்பி அட்மோஸ் (மேலிருந்தும் ஒலி வரவைக்கும் முறை) என்று விற்கும் பார்களில் பல, ஒலியை மேலே எறிந்து கூரையில் பட்டுக் கீழே வரவைக்கப் பார்க்கின்றன. அதற்குத் தட்டையான, கடினமான கூரை வேண்டும். உயரமும் 14 அடிக்குள் இருக்க வேண்டும். சரிந்த ஓட்டில் பட்ட ஒலி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்துக்கு எறியும் ஒலிக்கும் இதே கதைதான். வெக்கைக்கு யன்னலைத் திறந்துவிட்டால் அது முற்றத்துக்குப் போய்விடும். கொங்கிறீட் தட்டு வீட்டில், அதிகம் வயர் இழுக்க விருப்பமில்லாதவர்களுக்கு இது நல்ல பொருள். ஓட்டு வீட்டுக்கு வேண்டாம்.

7.1இல் ஆசை இருந்தது. நேர் முன்னால் பூச்சியம் பாகை என்று கணக்கிட்டால், இரண்டு ஸ்பீக்கர் பக்கவாட்டில் 90 முதல் 110 பாகையில், இன்னும் இரண்டு பின்னால் 135 முதல் 150 பாகையில் வைக்க வேண்டும். கணக்கில் என் அறைக்குள்ளும் இது அடங்கும். ஆனால் கதிரைக்குப் பின்னால் நாலடிதான் மிச்சம். இரவல் வாங்கி நாலையும் வைத்துக் கேட்டேன். பக்கம் எது, பின்பக்கம் எது என்று காது பிரித்துக் காட்டவில்லை. ஓரக் கதிரையில் இருப்பவருக்கு அருகிலிருக்கும் பெட்டி மட்டும்தான் கேட்கிறது. மேலதிக இரண்டு பெட்டிக்குப் போகும் காசை சப்வூஃபரில் போடுவதே மேல்.

ஆக 5.1. ஆனால் அந்தப் பின் இரண்டையும் எங்கே வைப்பது? எங்கள் ஊரில் பெரும்பாலும் பின் மூலைகளில் மாட்டுவார்கள். வயர் இழுப்பது சுகம், பார்வைக்கும் ஒழுங்கு. நானும் அப்படித்தான் மாட்டினேன். மோசமென்று சொல்லமாட்டேன். காருக்குப் பின்னால் கார் துரத்தும் காட்சிகளுக்கு மூலை நன்றாகவே இருந்தது. ஆனால் இரண்டு சுவர் சந்திக்கும் இடத்தில் பெட்டி இருந்தால் கீழ்ச்சுரம் ஊதிப் பெருத்து, ஆண் குரல் எல்லாம் பானைக்குள் பேசுவதுபோல் வரும். சூழ்ந்திருக்கும் உணர்வும் குறைவு.

1992இல் வந்த ஐ.ரி.யூ. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை 5.1க்குச் சொல்வது 100 முதல் 120 பாகை, அதாவது பக்கத்தில், சற்றே பின்னால். பத்தடி அகல அறையில் நடுவில் இருப்பவருக்கு 110 பாகை என்பது காதிலிருந்து ஏறக்குறைய இரண்டடி பின்னால், பக்கச் சுவரில் விழும். என் வலப்பக்கத்தில் அந்த இடம் சரியாகக் கதவில் விழுந்தது! கதவுக்கு மேலே ஏற்றலாமா, ஸ்டாண்டில் வைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகுதான் பொறி தட்டியது: கோணம் காதிலிருந்து அளப்பது, சுவரிலிருந்து அல்ல. கதிரையை அரையடி முன்னுக்கு இழுத்தேன். பெட்டி கதவு நிலைக்குப் பக்கத்துச் சுவருக்கு வந்தது. இருக்கும்போது வரும் காது மட்டத்துக்கு ஓரடி மேலே மாட்டினேன். அப்போதுதான் பக்கத்தில் இருப்பவரின் தலை மறைக்காது. சுண்ணாம்புச் சுவர் ட்ரில் பட்டதும் உதிரும், நீளமான பிளக் போடுங்கள்.

வயர்லெஸ் பின் ஸ்பீக்கர் எடுத்தால் இந்த வயர்த் தலையிடி இல்லையே என்பார்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் கரண்ட் வேண்டும் என்பதைச் சொல்லமாட்டார்கள். என் அறையில் இருப்பது ஒரே ஒரு பிளக் பொயின்ற்.

சப்வூஃபருக்குத்தான் அதிக நேரம் போனது. பன்னிரண்டடி நீளத்தில் ஒலி முன்னும் பின்னும் மோதி, 47 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 47 அதிர்வு) அளவிலான கீழ்ச்சுரம் சில இடத்தில் அதிரும், சில இடத்தில் காணாமல் போகும். கதிரை பின்சுவரை ஒட்டி இருந்தால் எல்லாம் முழங்கும். சப்வூஃபரைக் கதிரையில் தூக்கி வைத்து, ஒரு பேஸ் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து, எந்த இடத்தில் சீராகக் கேட்கிறதோ அங்கே அதை இறக்க வேண்டும். நான் தவழ்வதைக் கண்ட அம்மா, “என்னத்தைத் துலைச்சுப்போட்டுத் தேடுறாய்?” என்றார். முன்சுவரில், மூலையிலிருந்து மூன்றடி தள்ளி இடம் கிடைத்தது. மற்றப் பெட்டிகளை 80 ஹேர்ட்ஸில் வெட்டி, அதற்குக் கீழானதைச் சப்வூஃபருக்கே விட்டேன்.

கை தட்டினால் வெறும் சீமெந்து அறை கிணுகிணுக்கும். பனையோலைப் பாய் அழகுதான், ஆனால் மெல்லியது, உதவாது. தடித்த கார்ப்பெட்டும் பின்சுவரில் புத்தக அலுமாரியும் அதைப் பாதியாக்கின.

மூலையிலிருந்து பக்கத்துக்கு மாற்றிய அன்றிரவு ஒரு படம் போட்டோம். நடுவில் மழைக்காட்சி. பக்கத்துக் கதிரையில் கண்ணயர்ந்திருந்த அம்மா திடுக்கிட்டு எழும்பி, “கொடியில உடுப்புக் கிடக்கு” என்று வெளியே போனார்.