சாவி வாங்கும் முன் பணி நிறைவுச் சான்றைக் கேளுங்கள்

சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்கிச் சாவிக்காகக் காத்திருப்பவர்கள், கடைசித் தவணையைக் கட்டும் முன் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

போரூர் பக்கம் 24 வீடுகள் உள்ள குடியிருப்பில் எங்களுடையது ஒன்று. போன வைகாசியில் பில்டர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "சார், வீடு ரெடி. இந்த முகூர்த்தத்தை விட்டா ஆனி, ஆடி போய் ஆவணிதான். பேலன்ஸைக் கட்டிட்டு சாவியை வாங்கிக்குங்க." வாடகை ஒரு பக்கம், வங்கித் தவணை ஒரு பக்கம் என்று திணறிக்கொண்டிருந்த எங்களுக்கு அது போதுமாக இருந்தது. அனுமதி பெற்ற வரைபடப்படிதான் கட்டடம் கட்டியிருக்கிறார்கள் என்று சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தரும் பணி நிறைவுச் சான்று எங்கே என்று கேட்டேன். "அப்ளை பண்ணியாச்சு, பத்து நாள்ல வந்துடும்" என்றார் மேலாளர். நம்பிக் கட்டினேன். வேலை முழுவதும் திருப்தி, வீட்டைப் பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்த கடிதம் ஒன்றை நீட்டினார்கள். பால் காய்ச்சும் அவசரத்தில் அதிலும் கையெழுத்துப் போட்டேன்.

சான்று இன்றுவரை வரவில்லை. ஸ்டில்ட் பார்க்கிங்கில், அதாவது தூண்களுக்கு இடையே வண்டி நிறுத்த விட்ட தரைத்தளத்தில், வரைபடத்தில் இல்லாத இரண்டு அறைகளைக் கட்டியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த அளவுக் கட்டடத்துக்கு அந்தச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்போ மெட்ரோ வாட்டர் இணைப்போ கிடைக்காது. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பில்தான் 24 குடும்பமும் ஓடுகிறது. அதற்குக் கட்டணம் அதிகம். வீடுகளுக்கு உள்ள 100 யூனிட் சலுகையும் கிடையாது. தண்ணீருக்கு ஒரு லாரி, கழிவுநீருக்கு இன்னொரு லாரி. ஐப்பசி மழையில் படுக்கையறைச் சுவர் முழுக்க ஓதம் ஏறிவிட்டது. பாத்ரூம் தரையில் வாட்டமே இல்லை, தண்ணீர் வாசல் பக்கம் வந்து நிற்கிறது. என் அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முறை வழுக்கப் பார்த்தார். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

நான் தாமதமாகத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 2016 ரெரா சட்டப்படி (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) சான்றை வாங்கித் தர வேண்டியது பில்டரின் பொறுப்பு. ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்தால், எழுதிக் கொடுத்த 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். அதனால் போனில் புலம்பாதீர்கள், பதிவுத் தபாலில் எழுதுங்கள். சாவிக்கு முன் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிப் போய் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள், பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். குறைகளை எழுதி அவர்கள் கையெழுத்தை வாங்குங்கள். முகூர்த்தம் தள்ளிப்போனால் போகட்டும்.

நாங்கள் ஒன்பது குடும்பம் சேர்ந்து ரெரா ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பில்டர் தரப்பு முதலில் எடுத்து வைத்தது, நான் கையெழுத்துப் போட்ட அந்தத் திருப்திக் கடிதத்தைத்தான்.