ஸ்லீப்பருக்கு அடியில் ஒரு ரப்பர் மெத்தை: காசுக்குத் தகுந்த பலன் உண்டா?

ரயில் தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைதான் ஸ்லீப்பர். கான்கிரீட் ஸ்லீப்பரின் அடிப்பக்கத்தில் ஒட்டிவரும், ரப்பர் போன்ற பாலியூரித்தேன் பேட்தான் சரக்கு. தடிமன் சுமார் 10 மி.மீ. வெறும் கான்கிரீட் ஜல்லியின் சில கூர்முனைகளில் மட்டுமே உட்காரும். பாரம் அங்கேயே குவிந்து ஜல்லி பொடியாகும், பாதை இறங்கும். பேட் இருந்தால் கல் அதில் பதிந்து, தொடும் பரப்பு பல மடங்கு கூடுகிறது. டேம்பிங், அதாவது இறங்கிய பாதையைத் தூக்கி ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இயந்திரத்தால் இறுக்கும் வேலை, அதன் கால இடைவெளி ஏறத்தாழ இரட்டிப்பாகும். போட்ட பணம் திரும்புவது பெரும்பாலும் இந்தப் பராமரிப்பு மிச்சத்தில்தான். ஆஸ்திரிய ரயில்வே இதைப் பரவலாகப் போடுவதும் சும்மா இல்லை.

தரையில் பரவும் அதிர்வைக் குறைக்கவென்றே வாங்குபவர்கள் மென்மையான ரகம் கேட்க வேண்டும். பலன் சுமார் 40 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 40 அதிர்வு) மேலேதான். அதற்குக் கீழே உறுமும் அதிர்வுக்கு ஜல்லிக்கு அடியில் விரிக்கும் பாய்தான் வழி, அதன் செலவே வேறு. அளவுக்கு மீறி மென்மையானால் தண்டவாளம் அதிகம் வளையும், காற்றில் வரும் சத்தம் சற்றே கூடவும் செய்யும்.

ஓடும் பாதையில் தனியாகப் பொருத்த நினைக்காதீர்கள். ஆலையில் ஈரக் கான்கிரீட்டிலேயே பதிப்பதுதான் நம்பகமானது. ஸ்லீப்பர் மாற்றும் சமயமே வாங்கும் சமயம். டேம்பிங் ஆழத்தில் பேட் தடிமனையும் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லையேல் இயந்திரப் பற்கள் விளிம்பைக் கிழித்துவிடும். பாலத்தை நெருங்கும் இடங்களில் விறைப்பைப் படிப்படியாக மாற்றுங்கள்.

தண்டவாளத்தின் மேற்பரப்பு அலை அலையாகத் தேய்ந்திருந்தால் முதலில் கிரைண்டிங், அதாவது தேய்த்துச் சமப்படுத்துவது. சக்கர இரைச்சலுக்கு இந்த பேட் மருந்தே அல்ல. சரக்கு வண்டிகளில் வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகளைக் கலவைப் பொருள் கட்டைகளாக மாற்றினால் கிடைக்கும் நிம்மதி இதில் கிடைக்காது.