கந்தகக் களிம்பு: முகம் தெளிந்தது, கொலுசு கறுத்தது

காரைக்குடிக்குப் பக்கத்துப் புதுவயலில் இருக்கும் தோழி கேட்டாள், "நீ ஏதோ மஞ்சளா முகத்துக்குப் போடுவியே, அது வேலை செய்யுதா, நானும் வாங்கவா?" என்று. ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் போன வாரம்தான் கொலுசை மறுபடியும் ஆசாரியிடம் மெருகு போடக் கொடுத்து வாங்கினேன், அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன். பரு ஏன் வருகிறது, கந்தகம் என்றால் என்ன என்றெல்லாம் ஆரம்பிக்கப் போவதில்லை, பருவோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அதெல்லாம் மனப்பாடமாக இருக்கும்.

நான் இந்தக் கந்தகக் களிம்புக்கு வந்தது விரும்பி அல்ல. முன்பு பருவுக்கு அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் கலந்த ஜெல் போட்டுக்கொண்டிருந்தேன், நன்றாகத்தான் கேட்டது. பிள்ளை உண்டானதும் டாக்டர் அடாபலீன் கூடாது என்று நிறுத்திவிட்டார், அது வைட்டமின் ஏ வகையறா, கர்ப்ப காலத்தில் வேண்டாம் என்பார்கள். பென்சாயில் பெராக்சைடை மட்டும் தனியாகப் போடலாமா என்ற பேச்சு வந்தபோது நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது படுகிற துணியெல்லாம் வெளுத்துப் போகும். தலையணை உறை, துண்டு போனால் போகிறது, அரக்குக் கலர் கண்டாங்கி ஒன்றின் முந்தானையில் நான் முகம் துடைத்த இடமெல்லாம் திட்டுத்திட்டாக வெளுத்து நிற்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கின சேலை, இந்த ஜெல்லிடம் தோற்றுப் போனது. சரி, அப்படியானால் கந்தகம் போடுங்கள், உடம்புக்குள் பெரிதாக இறங்காது, துணியையும் வெளுக்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அப்போது பிடித்தது, இப்போது பையன் வீடு முழுக்க ஓடித் திரிகிறான், நான் இன்னும் கந்தகத்தில்தான் இருக்கிறேன்.

முகத்துக்குக் களிம்பு, முதுகுக்குச் சோப்பு. பருவுக்கான கந்தகப் பொருட்கள் பெரும்பாலும் 3 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும். என் களிம்பு குறைந்த அளவு, சோப்பு 10. களிம்பை ராத்திரி முகம் கழுவி ஈரம் போன பிறகு மெல்லிசாகத் தடவிப் பத்து நிமிஷத்தில் கழுவிவிடுவேன். ராத்திரி முழுக்க விட்டால் வாயோரம் உரிய ஆரம்பித்துவிடுகிறது. பங்குனி சித்திரையில் நம் ஊர் வெயிலுக்கு அந்தப் பத்து நிமிஷமே அதிகம், ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும்.

பலன் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. நெற்றியிலும் மூக்கோரத்திலும் இருந்த பொடிப் பொடியான வெள்ளைப் பருக்கள் சில வாரங்களில் அடங்கின. எண்ணெய் வடிவது பாதியாகக் குறைந்தது, காலையில் போட்ட பவுடர் மதியம் வரைக்கும் நிற்கிறது. மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து எடுத்து அடைப்பைத் திறப்பதும், எண்ணெய்ப் பிசுக்கை வற்ற வைப்பதும், கிருமியை ஓரளவு அடக்குவதும்தான் அதன் வேலை, அதை ஒழுங்காகச் செய்கிறது. தாடையில் ஆழமாகக் கட்டி கட்டியாக வலியோடு வருமே, அதற்கு இது ஒன்றும் கிழிக்காது. தழும்புக்கும் கருந்திட்டுக்கும் அப்படியே. அந்த மாதிரி வருகிறவர்கள் காசை டாக்டர் ஃபீஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாடை பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். கந்தகத் தூளைச் சும்மா மோந்து பார்த்தால் அவ்வளவு வாடை இல்லை, தோலோடு சேர்ந்து வேலை செய்யும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், அதுதான் அவித்த முட்டை வாடை. கார்த்திகை மாதம் முட்டையே வாங்காத எங்கள் வீட்டில் அப்பத்தா ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்ததுண்டு. கழுவினால் போய்விடும், பழகியும் விடும். வாடையால் நான் இதை விடமாட்டேன்.

என் கோபம் வெள்ளியில்.

முதலில் கறுத்தது என் கொலுசு. வெள்ளி கறுப்பது புதுசில்லைதான், வருஷத்துக்கு ஒரு தரம் விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். இது அப்படி இல்லை. முதலில் லேசாக மஞ்சள் ஏறியது, பிறகு செம்பழுப்பு, அப்புறம் மயில்கழுத்து மாதிரி ஒரு நீலம், கடைசியில் மை. அதுவும் முழுக் கொலுசும் கிடையாது. குதிகால் பக்கம் மட்டும் கரி, முன்பக்கம் கடையில் வாங்கினபடி பளபளப்பு. ஒவ்வொரு வளையமாகத் தள்ளிப் பார்த்தால் கறுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். முதுகில் போட்ட சோப்பு நுரை பின்னங்கால் வழியாக இறங்கிக் குதிகாலில் வந்து நிற்கிற பாதை அதில் அப்படியே வரைந்திருந்தது.

இது புரிவதற்குள் வீட்டில் நடந்த கூத்து தனி. அப்பத்தா தண்ணீரைச் சொன்னார், "சம்பை ஊற்றுத் தண்ணியில குளிச்ச காலத்துல எந்த வெள்ளி கறுத்துச்சு, எல்லாம் இந்த போர் தண்ணி" என்று. அயித்தை உடம்புச் சூடு என்றார். இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அப்புறம் பையன் கையில் போட்டிருந்த காப்பு கறுத்தது. அவனைத் தோளில் போட்டுத் தூங்க வைக்கும்போது கை என் கழுத்தில்தானே கிடக்கும், கழுவினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்போல. அந்தக் காப்பு என் அண்ணன் போட்ட தாய்மாமன் சீர். "மட்ட வெள்ளியா இருக்குமோ" என்று அயித்தை யாரிடமோ சொல்ல, அது எப்படியோ அண்ணன் காதுக்குப் போக, அவன் காப்பைக் கழற்றிக்கொண்டு போய் டச்சு பார்த்து, அதாவது வெள்ளியின் தரம் சோதித்து, சீட்டோடு வந்தான். நல்ல வெள்ளிதான். சீட்டை அயித்தையிடம் நீட்டாமல் பட்டாலையில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டுப் போனான் பாருங்கள், அந்தச் சூடு ஆற ஒரு பொங்கல் ஆனது.

உண்மையைச் சொன்னது ஆசாரிதான். கொலுசை வாங்கிப் பார்த்தவுடனே "என்ன சோப்பு போடுறீக?" என்றார். நகாசு வேலையில் பள்ளத்துக்குக் கறுப்பு ஏற்றுவதற்கு அவர்களே கந்தகம் சேர்ந்த மருந்தில்தான் முக்குவார்களாம். நாங்கள் காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலையை நீங்கள் குளியலறையிலேயே செய்கிறீர்கள் என்று சிரித்தார். கந்தகமும் வெள்ளியும் சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆவதுதான் அந்தக் கறுப்பு, அழுக்கில்லை. அதனால்தான் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை. அவர் மெருகு போட்டுக் கொடுத்தால் புதுசு மாதிரிதான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் பொட்டு எடை குறைகிறது. வெள்ளி இன்று விற்கிற விலைக்கு, முகப்பருவுக்காகக் கொலுசைக் கரைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தால் வயிறு எரிகிறதா இல்லையா?

கழற்றி வைக்க வேண்டியதுதானே என்பீர்கள். கொலுசைக் கழற்றுகிறேன். மெட்டியை? வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் இருக்கும்போது தினமும் மெட்டியைக் கழற்றிச் சோப்புப் பெட்டியில் போட்டுப் பாருங்கள். அதனால் மெட்டி நிரந்தரமாகக் கறுப்பு. களிம்பு ட்யூபை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன், அதில் இருந்த வெள்ளிக் குங்குமச் சிமிழை யாரும் தொடவே இல்லை, அதன் மூடி பழுப்பேறிக் கிடக்கிறது. பக்கத்தில் இருந்தாலே போதும் போலிருக்கிறது. ட்யூபோடு வருகிற மடிப்புக் காகிதத்தில் கண்ணில் படாதே, புண்ணில் போடாதே, வறண்டால் நிறுத்து என்று எறும்பு எழுத்தில் இரண்டு பக்கம் எழுதத் தெரிகிறது, வெள்ளி நகையைக் கழற்றிவிடுங்கள் என்று ஒரு வரி போட என்ன கேடு? கல்யாணத்துக்கு வெள்ளிச் சாமானைப் பரப்பி வைக்கிற ஊரில் இதை விற்கிறார்கள்.

மெருகுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்த மறுநாள் அடுத்த வீட்டுச் சித்தப்பா ஒரு வழி சொன்னார், ஒரு நாள் முன்னால் சொல்லக் கூடாதா என்றிருந்தது. அவர் காரைக்குடி சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய அந்த மின்வேதியியல் ஆய்வகத்தின் பயன் என் மெட்டி வரைக்கும் வரும் என்று நினைக்கவில்லை. ஒரு பீங்கான் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளியை அதன்மேல் தாளில் படும்படி வைத்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, ஆப்பச்சோடாவும் கொஞ்சம் உப்பும் போட வேண்டும். அவ்வளவுதான். கறுப்பில் இருக்கிற கந்தகத்தை அலுமினியம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், வெள்ளி வெள்ளியாகவே திரும்பி நிற்கும், எடை போகாது. குங்குமச் சிமிழின் மூடி கண் முன்னால் வெளுப்பதைப் பார்க்கலாம். கூடவே கிண்ணத்தில் இருந்து அதே அவித்த முட்டை வாடை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கல் வைத்த நகை, வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய நகாசு, இதையெல்லாம் அதில் போட்டுவிடாதீர்கள், அந்தக் கறுப்பும் சேர்ந்து போய்விடும்.

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். சல்ஃபா மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் கந்தகம் என்றதும் பயப்படுகிறார்கள், இரண்டும் வேறு வேறு. ஆனால் சல்ஃபாசெட்டமைடும் கந்தகமும் சேர்த்து வருகிற மருந்து ஒன்று உண்டு, அது சல்ஃபா வகை, ஆகாதவர்கள் அதைத் தொடக் கூடாது, அட்டையில் பெயரைப் படித்து வாங்குங்கள். அப்புறம், சித்த மருத்துவத்தில் கந்தக ரசாயனம் என்றே ஒரு மருந்து இருக்கிறதே என்று நாட்டு மருந்துக் கடையில் கந்தகக் கட்டியை வாங்கி நுணுக்கித் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போடுகிற வேலை வேண்டாம். சித்தத்தில் அதை நெய்யில் உருக்கிப் பாலில் விட்டுச் சுத்தம் செய்த பிறகுதான் மருந்தாக எடுக்கிறார்கள், அளவும் வைத்தியர் சொல்வதுதான். வீட்டில் குழைத்தது எத்தனை சதவீதம் என்று யாருக்குத் தெரியும், தோல் வெந்து போகும்.

தோழிக்கு என் பதில்: வாங்காதே. முகத்துக்கு நல்லது, துணிக்கு நல்லது, விலையும் பெரிசில்லை, எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். தை மாதம் உன் தம்பி கல்யாணம், சீர் வெள்ளி முழுக்க உன் கைப்படத்தான் துடைத்து அடுக்கப் போகிறாய், அதற்கு நடுவில் இது வேண்டாம். கல்யாணம் முடிந்ததும் கேட்டால் என்னிடம் பிரிக்காத ட்யூப் ஒன்று இருக்கிறது, தருகிறேன். ஆனால் மாசி பிறப்பதற்குள் கேட்டுவிடு, அதற்குமேல் அது எனக்கே வேண்டும்.