நாகர்கோவில் அகிம்சைப் பயிற்சி: காலை பிரமாதம், மதியம் சுமார்

வடசேரி பக்கம் ஒரு சின்ன ஹாலில் ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒருநாள் வகுப்பு, சாப்பாட்டோடு 300 ரூபாய். மாலை, பொன்னாடை, சான்றிதழ் வகையறா எதுவும் இல்லை, அதுவே பெரிய நிம்மதி.

கொடுத்த காசு காலையிலேயே வசூலாகிவிட்டது. பாதிப் பேர் ஊர்வலக்காரர்கள், மீதிப் பேர் போலீஸ். எனக்குப் போலீஸ் வேஷம், கையில் தினசரியைச் சுருட்டிய லத்தி. தள்ளுமுள்ளு தொடங்கியதும் எதிரே வந்தவர்கள் ஓடாமல் கைகோர்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், நான் லத்தியை ஓங்கிக்கொண்டு நிற்க, முன்வரிசையில் இருந்த குளச்சல் அம்மா ஒருவர் அண்ணாந்து பார்த்து "மக்களே, சாப்பிட்டியா?" என்றார். அப்புறம் எங்கே அடிக்க! சிரிப்பு அடங்கியதும் பயிற்சியாளர், யார் முதலில் கையை ஓங்கியது, பின்வரிசையில் யார் நழுவப் பார்த்தது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார்.

பூசி மெழுகவும் இல்லை. 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களை எரிக்கா செனோவெத்தும் மரியா ஸ்டீபனும் ஆராய்ந்ததில், ஆயுதம் எடுக்காதவை 53 சதவீதமும் எடுத்தவை 26 சதவீதமும் வென்றனவாம். அதாவது அகிம்சைக்கும் கிட்டத்தட்ட பாதி தடவை முழு வெற்றி கிடைக்கவில்லை, அதையும் பயிற்சியாளரே சொன்னார். குமரிப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட போராட்டக்காரர்கள் மேல் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடையில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூடு நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்காக சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா, தன் சொந்தக் கட்சியைச் சேர்ந்த பட்டம் தாணுப்பிள்ளையின் திருவிதாங்கூர்-கொச்சி அரசையே ராஜினாமா செய்யச் சொன்னது அங்கே பலருக்குப் புதுசு. (இப்போது எந்தக் கட்சியில் நடக்கும்?)

சாப்பாடு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளைமீன் கறியும். அகிம்சை வகுப்பில் மீனா என்று கேட்டவரே இரண்டாம் தடவையும் வாங்கினார்.

மதியம் ஆயுதக் குறைப்பு, இங்கேதான் சொதப்பல். அணு ஆயுதத் தடை ஒப்பந்தம், 2017-ல் 122 நாடுகள் ஆதரவு, 2021-ல் அமல், அணுகுண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட சேரவில்லை, அடுத்த ஸ்லைடு. "பின்னே அது எதுக்கு?" என்று ஒரு பையன் கேட்டான், நேரமில்லை என்று விட்டார்கள். அந்தக் கேள்விக்கே அரைமணி நேரம் கொடுத்திருக்கலாம். இரசாயன ஆயுதத்தில் நடந்ததையாவது சொல்லியிருக்கலாமே: நாடுகள் கணக்குக் காட்டிய 70,000 டன்னுக்கும் மேலான இருப்பு, சர்வதேச ஆய்வாளர்களின் சரிபார்ப்போடு, 2023 ஜூலையில் அழித்து முடிந்தது. யார் போய்ச் சரிபார்ப்பது, ஒளித்து வைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, இதெல்லாம் பேசாமல் ஒப்பந்தப் பெயர்களை மட்டும் ஒப்பித்தால் தூக்கம்தான் வரும்.

ஐந்துக்கு மூன்றரை. அடுத்தது தக்கலையிலாம், கல்லூரிப் பிள்ளைகளும் சங்கத்துக்காரர்களும் தாராளமாகப் போகலாம், மதிய வகுப்பில் மட்டும் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருங்கள்.