காற்றடிக்கும் கம்ப்ரஸர்: ஸ்பிட்டி மலைப்பாதைக்குப் பிறகு என் அனுபவம்

என் ஜிம்னியின் (மாருதியின் சின்ன ஃபோர்-வீல் டிரைவ் வண்டி) பின்சீட்டுக்குப் பின்னால் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஒன்று சில வருஷமாக இருக்கிறது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சின்ன ரகம் இல்லை. பானெட்டைத் திறந்து பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டி ஓட்டுகிற, உலோக உடம்புள்ள ரகம். கம்பெனி பெயர் சொல்லவில்லை. இதே பொருளை நிறம் மாற்றிப் பல பெயர்களில் விற்கிறார்கள், படத்தைப் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். இப்போது அதன் விலையை நன்றாகக் குறைத்திருக்கிறார்கள். வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். நானோ இந்த வாரம்தான் அதற்கு ஹோஸ் மாற்றிக்கொண்டு வந்தேன், அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் அந்த மெஷினுக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிட்டுத்தான் திட்டுவேன்.

முதலில், இவ்வளவு பெரிய கம்ப்ரஸர் எதற்கு? இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்குப் போனவர்களுக்குத் தெரியும். சிம்லா பக்கமிருந்து கின்னௌர் வழியாக ஏறி, நாக்கோ, தாபோ, காஸா என்று போகிறவரை பாதை பரவாயில்லை. சரிவுகள் உண்டு, மல்லிங் நாலா (நாலா என்றால் மலை ஓடை) போன்ற வம்பான இடங்கள் உண்டு. ஆனாலும் பெரும்பாலும் அதை ரோடு என்று சொல்லலாம். லோசர் தாண்டி குன்ஸும் கணவாய் ஏறும்போதுதான் கதை மாறும். 4,551 மீட்டர் உயரக் கணவாயைக் கடந்து பாத்தலுக்கு இறங்கினால், அங்கிருந்து சத்ரு வழியாக கிராம்ஃபூ வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். காகிதத்தில் அது தேசிய நெடுஞ்சாலை 505. தரையிலோ சந்திரா நதி கொண்டுவந்து போட்ட உருண்டைக் கற்கள். தலையணை அளவுக் கல்லைத் தாண்டினால் அடுத்ததும் அதே அளவு. நடுநடுவே பனி உருகி ஓடும் நாலாக்கள். காலையில் கணுக்கால் அளவு இருக்கிற தண்ணீர் மதியத்துக்கு மேல் முழங்காலைத் தாண்டும், வெயில் ஏற ஏறப் பனி உருகுவதால். அதனால் இந்தப் பக்கம் எல்லோரும் விடியும்போதே கிளம்பிவிடுவார்கள். அகலப்படுத்தும் வேலை நடக்கிறது, வருங்காலத்தில் இந்த வர்ணனை பழசாகிப் போகலாம்.

இந்தக் கல்லுப் பாதையில் சாதாரணக் காற்றழுத்தத்தோடு போனால் வண்டி உருளாது, குதிக்கும். ஒவ்வொரு கல்லும் ஸ்டீயரிங் வழியாக மணிக்கட்டுக்கு வரும். ஜிம்னி மாதிரி எடை குறைந்த, முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில் (இரு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு) உள்ள வண்டியில் இது இன்னும் அதிகம்: ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினால் மறுபக்கத்தையும் சேர்த்து ஆட்டிவிடும். பாத்தலில் தேநீர் குடித்துவிட்டு நாலு டயரிலும் 20 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை காற்றை இறக்கினேன். அதன் பிறகு ஓட்டியது வேறு வண்டி. டயர் கல்லை இடித்துத் தள்ளுவதை விட்டுவிட்டு அதன்மேல் படிந்து ஏறியது. தரையைத் தொடும் பரப்பு நீளவாக்கில் கூடுவதால் பிடிப்பும் கூடுகிறது, நாலு சக்கரமும் மெதுவாக, பலமாகச் சுற்றும் ஃபோர்-லோ கியரில் போட்டுவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவே வேண்டாம், ஊர்ந்துகொண்டே போகும். காஸாவிலிருந்து கதவுப் பிடியை விடாமல் வந்த என் மகள், காற்று இறக்கிய கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். அதுவும் பாத்தல்–சத்ரு பாதையில். இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தேவையில்லை.

காற்று இறக்குவதற்கு ஒரு எல்லை உண்டு. சாதாரண ரிம்மில் 15-க்குக் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்று வரும் ஆபத்து இருக்கிறது. 20-லேயே பக்கச் சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். கூரான கல்லை உரசினால் கிழியும், அந்தக் கிழிசலைப் பங்க்சர் கடைக்காரரும் ஒட்ட முடியாது. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. தார் ரோடு வந்ததும் மறுபடி காற்றைப் பிடித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறிக் கெட்டுவிடும். ஆக இறக்குவது இலவசம். ஏற்றுவதற்குத்தான் கம்ப்ரஸர்.

இங்கேதான் மலை தன் கணக்கைக் காட்டுகிறது. 4,500 மீட்டரில் காற்று அடர்த்தி சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் அங்கே மூச்சு வாங்குவது நமக்குத் தெரியும். கம்ப்ரஸரும் அதே காற்றைத்தான் இழுக்கிறது. பிஸ்டனின் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே போகிற காற்று குறைவு, ஆகவே கோவையில் ஒரு டயருக்கு ஆகிற நேரத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். இன்னொன்று: கோவையில் 30 வைத்துக் கிளம்பினால், டயரைத் தொடாமலே கணவாயில் காற்றழுத்த மீட்டர் கூடுதலாகக் காட்டும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டதால் 5, 6 பி.எஸ்.ஐ. ஏறித் தெரியும். குளிர் அதில் கொஞ்சத்தைக் கழிக்கும், பத்து டிகிரிக்குச் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. வீதம். இதெல்லாம் தெரியாமல் பழைய எண்ணை நம்பிக் காற்றைப் பிடிக்கக் கூடாது. போய்ச் சேர்ந்த இடத்தில், டயர் ஆறிய பிறகு, காலையில் அளக்க வேண்டும்.

இவ்வளவு மெல்லிய காற்றிலும் இந்த மோட்டார் ஒருமுறைகூட முரண்டு பிடிக்கவில்லை. சந்திரதால் ஏரிக்குப் பிரியும் ஒற்றைத் தடத்தில், எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பாதாளத்தை ஒட்டிப் பின்னால் போக வேண்டிய இடத்தில், என் பின்டயர் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. ஆணியில்லை, வால்வுக்குள் தூசி. ஸ்பிட்டித் தூசி மாவு போல நைசானது, மூடி இல்லாத வால்வுக்குள் புகுந்து உள்ளே இருக்கும் ஊசியைச் சரியாக மூடவிடாது. வால்வு ஊசியை மாற்றி, அந்தக் குளிரில் என்ஜினை ஓடவிட்டுக் கிளிப்பை மாட்டினேன். சுவிட்சைத் தட்டியதும் ஓட ஆரம்பித்தது. சத்தம் பெரிதாக இருந்தாலும் சீரான சத்தம். நாலு டயருக்கும் அடித்து முடித்த பிறகு சிலிண்டர் பக்கம் கை வைக்க முடியாத சூடு இருக்கும், அது இந்த ரகத்துக்கே உள்ளது. கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி தயார். சாக்கெட்டில் சொருகும் சின்ன கம்ப்ரஸர்களுக்கு அந்த ஃபியூஸ் தாங்கும் கரண்ட்தான் கிடைக்கும். ஊருக்குள் பங்க்சர் கடை வரை போய்ச்சேர அது போதும். நாலு டயரையும் 20-லிருந்து ஏற்ற அது ஆகாது. மோட்டாரைப் பொறுத்தவரை இந்த விலைக்கு நான் பார்த்ததில் இதுதான் சிறந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி திட்டு. இப்படி ஒரு மோட்டாரைச் செய்தவர்கள், டயரில் மாட்டும் நுனியை எப்படி இவ்வளவு அலட்சியமாக விட்டார்கள்?

நுனியில் இருப்பது திருகி ஏற்றும் பித்தளை நட்டு. விரல் நுனியால் பிடித்து நாலைந்து சுற்று சுற்றினால்தான் வால்வில் உட்காரும். முதல் சுற்றிலேயே உள்ளே ஊசி அழுந்திவிடும், மீதிச் சுற்று முடிகிறவரை டயர் காற்று ‘ஸ்ஸ்’ என்று வெளியே போகும். கழற்றும்போதும் அதேதான். மலைப்பாதையில் பத்து பி.எஸ்.ஐ. ஏற்ற ஒவ்வொரு நிமிஷமும் போராடிவிட்டு, கழற்றும் அவசரத்தில் ஒன்று, ஒன்றரையைத் திருப்பிக் கொடுக்கிறோம். அதற்காக இரண்டு கூடுதலாக அடித்துவிட்டுக் கழற்றுகிறேன். ஆனால் எவ்வளவு போகும் என்பது கழற்றுகிற வேகத்தைப் பொறுத்தது. அதனால் வேறொரு மீட்டர் வைத்து மறுபடி அளக்க வேண்டும். ஹோஸில் இருக்கும் மீட்டரோ மோட்டார் ஓடும்போது டயரில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். நிறுத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

விரல் கதையைச் சொல்கிறேன். கோக்சரில் தார் ரோட்டைத் தொட்டதும் ஓரம் கட்டினோம். கையில் கம்பளி உறை, அதோடு அந்தச் சின்ன நட்டைப் பிடிக்கவே முடியாது, மரை கோணலாக ஏறும். உறையைக் கழற்றினால் முதல் டயரில் பித்தளை ஐஸ் மாதிரி. மூன்றாவது டயருக்குப் போவதற்குள் அதே பித்தளை அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில் கொதிக்கிறது. துணியை வைத்துப் பிடித்தால் மரை வழுக்குகிறது. காற்று போய்க்கொண்டே இருக்கிறது. என் மனைவி பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், “நகருங்க, நான் கழட்டறேன்” என்று வந்து உட்கார்ந்தாள். அவள் விரலும் சுட்டது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சும்மா வந்ததல்ல. நெம்புகோலைத் தட்டினால் கவ்விக்கொள்ளும் நாசில், எந்தப் பங்க்சர் கடையிலும் தொங்குகிற சாதாரணப் பொருள், சில நூறு ரூபாய்தான். ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிற பெட்டியில் அதைப் போட அவர்களுக்கு மனம் வரவில்லை.

அந்த ஹோஸும் அதே குடும்பம். சத்ருவுக்கு முன்னால் ஒரு நாலாவைத் தாண்டிய பிறகு முன்டயருக்குக் கொஞ்சம் காற்று தேவைப்பட்டது. மாட்டினால், நட்டுக்குப் பின்னால் ஹோஸை அழுத்திப் பிடித்திருக்கும் வளையத்திலிருந்து கசிவு. திருகித் திருகி அந்த இடத்தில் ஹோஸ் முறுக்கேறித் தளர்ந்திருந்தது. பின்னால் வந்த டாக்சி டிரைவர் ஒருவர் நின்றார். கேட்காமலே பழைய ட்யூப் ரப்பரை நீளமாக வெட்டி அந்த இடத்தில் இறுகச் சுற்றி, ஹோஸ் கிளிப் போட்டுத் திருப்புளியால் முடுக்கிக் கொடுத்தார். பணம் வாங்கவில்லை. அந்தக் கட்டோடுதான் கோவை வரை வந்தேன். அவர் டயரில் காற்று இறக்கவே இல்லை, அந்தப் பாதைக்கு அது தேவையில்லை என்பது அவர் கருத்து. அரசுப் பேருந்தும் முழுக் காற்றோடுதான் காஸாவுக்குப் போய்வருகிறது. அவர்களுக்கு அது சரி: டயர் கனமானது, ஒவ்வொரு கல்லையும் பல வருஷமாகத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை விடுமுறைக்குப் போகிற குடும்பத்துக்கு நான் இறக்கச் சொல்லித்தான் பரிந்துரைப்பேன்.

ஊர் வந்து கம்பெனிக்கு எழுதினேன். வாரண்டி மோட்டாருக்கு மட்டும், ஹோஸ் தேயும் பொருள், தனியாகவும் விற்பதில்லை என்று பதில். சரி. கோவையில் நியூமேட்டிக் சாமான் விற்கும் கடைகளுக்குப் பஞ்சமா? ஒரு கடையில் பழைய ஹோஸைக் காட்டினேன். கடைக்காரர் பித்தளை நுனியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத எதுக்குங்க வெச்சாங்க?” என்றார். தடித்த ஹோஸ், கவ்வும் நாசில், நடுவில் சட்டென்று மாட்டிக் கழற்றும் கப்ளர், எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை. இப்போது ஒரு தட்டில் மாட்டுகிறது, ஒரு தட்டில் கழல்கிறது, ‘ப்ஸ்’ என்று ஒரே ஒரு சத்தம். இறங்கும் காற்று மீட்டரில் தெரியக்கூட இல்லை. இவ்வளவு சுலபமாகச் சரிசெய்ய முடிகிற ஒன்றை வாடிக்கையாளர் தலையில் கட்டினார்கள் என்பதுதான் என் கோபத்தை இன்னும் கூட்டுகிறது.

அதனால் வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு: விலை குறைந்தாலும் வாங்காதீர்கள். கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை, பெட்டியிலேயே கவ்வும் நாசிலும், மாற்றக்கூடிய ஹோஸும், உதிரிபாகம் தனியாகக் கிடைக்கிற வசதியும் உள்ளதை எடுங்கள். இதன் மோட்டார் அதைவிட நன்றாக இருந்தாலும் என் பதில் இதுதான். கணவாயில் நின்று காற்றடிக்கும்போது நம் கை படுவது அந்த நுனியில்தான்.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் விற்க வேண்டாம். கிளம்புவதற்கு முன்பே நுனியை வெட்டிவிட்டு நாசில் மாற்றுங்கள். கூடவே உதிரி வால்வு ஊசிகள், வால்வு மூடிகள், வால்வு கழற்றும் சாவி, இரண்டு ஹோஸ் கிளிப். காஸாவில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், ஜிம்னிக்கு 40 லிட்டர்தான், அதற்கப்புறம் மணாலிப் பக்கம் இறங்குகிறவரை பங்க் கிடையாது. மோட்டாரைப் பற்றிக் கவலையே படாதீர்கள், அது ஓடும்.